பாவாடை நாடாவும் பெருங்குடலுக்குள்ள போற ரோபோவும்

எங்க ஊரு சுங்கை சிப்புட், மலேசியாவுல ஈப்போவுக்கு வடக்கால இருக்கு. அம்மா முப்பது வருஷத்துக்கு மேல கித்தா (ரப்பர்) மரம் சீவுனவங்க, இப்ப வயசு 67. போன வருஷம் கிளினிக் கெசிஹாத்தான்ங்குற அரசாங்க கிளினிக்ல சக்கரை மருந்து எடுக்கப் போனப்ப ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) சின்ன டியூப் ஒன்னக் குடுத்து, மலத்துல கண்ணுக்குத் தெரியாம ரத்தம் இருக்கான்னு பாத்துருவோம்மான்னு சொல்லி அனுப்பிச்சாங்க, ரிசல்ட் பாசிட்டிவ். அப்புறம் லெட்டர், பெரிய ஆஸ்பத்திரி, தேதி வர்றதுக்குள்ள ஓடிப்போன மாசங்க, மொத நாளு குடல் கழுவுற மருந்த லிட்டர் கணக்குல குடிச்சுட்டு ராத்திரி பூரா கக்கூசுக்கும் கட்டிலுக்கும் நடந்தது, இதெல்லாம் தாண்டிப் போயி படுத்தா, ஆசனவாய் வழியா பெருங்குடலுக்குள்ள விட்ட கேமரா டியூப் பாதி வழியில நின்னு அம்மா வலி தாங்காம கத்திட்டாங்க, டாக்டரும் நிறுத்திட்டாரு. டியூப் உள்ள சுருண்டுக்கிச்சு, இன்னொரு தேதி குடுக்குறோம்னு சொன்னாங்க.

நான் செம்பனை ஆலையில வயர்மேன். பைப்புக்குள்ள கேபிள் இழுக்குறதுதான் இருபது வருஷமா என் வேலை. அதனால அந்த "சுருண்டுக்கிச்சு"ங்குற வார்த்தை என்னை விடவே இல்ல. ஏன்னா பின்னாடி நின்னு வயரத் தள்ளுனா அது சுருளும், இது எங்க வேலைக்கு வர்ற பையனுக்கு மொத நாளே தெரிஞ்சுபோற விஷயம். அப்ப மனுஷன் வயித்துக்குள்ள மட்டும் ஏன் இன்னும் தள்ளிக்கிட்டு இருக்காங்க, முன்னாடி இருந்து இழுத்துட்டுப் போற மாதிரி ஒரு மிசின் ஏன் இல்லன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சுப் பாத்தா அந்த மாதிரி ரோபோ செய்ய முப்பது வருஷமா பாடுபட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க, ஆனா குடல் அவங்கள விடமாட்டேங்குது. அந்தக் கதையத்தான் எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

முதல்ல இந்த டெஸ்ட் எதுக்குன்னு சொல்லிடுறேன், ஏன்னா எங்க தோட்டத்து லயத்துல பாதி பேரு இத வியாதி வந்தப்புறம் பாக்குற டெஸ்ட்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. மலேசியாவுல ஆம்பளைங்களுக்கு அதிகமா வர்ற புத்துநோய் பெருங்குடல் புத்துதான், ஆம்பள பொம்பள ரெண்டு பேரையும் சேத்துப் பாத்தா மார்பகப் புத்துக்கு அடுத்தது இது. 2012ல இருந்து 2016 வரைக்குமான தேசியப் புத்துநோய்ப் பதிவேட்டப் பாத்தா பத்துல ஏழு பேருக்கு மேல மூணாவது நாலாவது கட்டத்துலதான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றாங்க. இதுல வேதனை என்னன்னா, இது திடுதிப்புன்னு வர்ற நோய் இல்ல. குடல் சுவருல பாலிப்னு சின்ன மரு மாதிரி மொளைச்சு, அது புத்தா மாற பெரும்பாலும் பத்து வருஷம் போல எடுக்கும். அந்தப் பத்து வருஷத்துல ஒரு தடவ உள்ள போயி பாத்து, அந்த மருவ வெட்டி எடுத்துட்டா நோயே வராம தடுத்துடலாம். 50 வயசுல இருந்து 75 வரைக்கும் அறிகுறி இல்லாதவங்களையும் கிளினிக்ல அந்த மல டெஸ்ட் எடுக்கச் சொல்றது இதுக்குத்தான்.

இப்ப அந்த கேமரா டியூப், ஸ்கோப்னு சொல்றது. 1969ல நியூயார்க்ல வில்லியம் வோல்ஃப், ஹிரோமி ஷின்யான்னு ரெண்டு டாக்டருங்க வளையுற ஸ்கோப் வழியாவே கம்பி வளையம் விட்டு பாலிப்ப எடுத்துக் காட்டுனாங்க, அதுக்கு முன்னாடி உள்ளுக்குத் தள்ளி இருக்குற பாலிப்ப வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும். அதுக்கப்புறம் கண்ணாடி இழை போயி வீடியோ கேமரா வந்துச்சு, படம் பல மடங்கு தெளிவாச்சு, ஆனா உள்ள போற விதம் மட்டும் இன்னைக்கும் அதேதான். கிட்டத்தட்ட ஒன்னரை மீட்டர் நீளம், வெரல் தண்டி டியூப், நுனிய மட்டும் ரெண்டு சக்கரத்தத் திருப்பி நாலு பக்கமும் வளைக்கலாம், மத்தபடி முன்னேறுறது எல்லாம் டாக்டரோட கை பின்னாடி இருந்து தள்ளுற தள்ளுதான்.

குடலும் ஒன்னரை மீட்டர்தான், ஆனா நம்ம கான்டுயிட் பைப் மாதிரி சுவத்துல அடிச்சு வச்சது இல்ல. எடது பக்கமும் வலது பக்கமும் மேல கீழ போற பகுதி ரெண்டும் முதுகுச் சுவரோட ஒட்டி இருக்கு, அதுங்க பரவாயில்ல. நடுவுல குறுக்கால போறதும், ஆசனவாய்க்கு மேல எஸ் மாதிரி வளையுற சிக்மாய்டுங்குற பகுதியும் ஒரு ஜவ்வுல தொங்குது, துணி காயப்போட்ட கொடி மாதிரி ஆடும். டியூப் நுனி ஒரு வளைவுல முட்டி நின்னுச்சுன்னா, பின்னாடி தள்ளுற பலம் முன்னாடி போகாது, அந்தத் தொங்குற குடலத் தூக்கிக்கிட்டு மேல போயி வளையமா சுருளும். டாக்டர் பத்து சென்டிமீட்டர் தள்ளுறாரு, நுனி ஒரு சென்டிமீட்டர் கூட நகரல, சில சமயம் பின்னாடி கூட வரும். அந்த ஜவ்வு இழுபடுறதுதான் வலி. குடலோட உள்சுவருக்கு வெட்டுனா வலி தெரியாது, பாலிப்ப அறுத்து எடுத்தாக் கூட தெரியாது, ஆனா இழுத்தா, ஊதுனா உயிர் போற மாதிரி வலிக்கும். மயக்க மருந்து குடுக்குறதே பெரும்பாலும் இந்த இழுவைக்காகத்தான்.

கை தேர்ந்த டாக்டருங்க என்ன செய்றாங்கன்னா, தள்ளுறத விட பின்னாடி இழுக்குறதுலதான் முன்னேறுறாங்க. நுனிய ஒரு மடிப்புல கொக்கி மாதிரி மாட்டிக்கிட்டு, டியூப லேசாத் திருகி வெளிய இழுக்க இழுக்க குடல் மடிஞ்சு மடிஞ்சு டியூப் மேல வந்து ஏறும். இப்படி நல்லா நிமிர்த்திப் போனா 70, 80 சென்டிமீட்டர் டியூப் உள்ள போனதுமே ஒன்னரை மீட்டர் குடலோட கடைசிக்கே போயி சேந்துடலாம். இத நான் அம்மாகிட்ட படம் போட்டுக் காட்டி சொன்னப்ப, அவங்க அரை நிமிஷம் பாத்துட்டு, "இது பாவாடைக்கு நாடா கோக்குறதுதானேய்யா, ஊக்க முன்னுக்குத் தள்ளுவோம், துணி சுருங்கும், அப்புறம் துணியப் பின்னுக்கு இழுத்து விடுவோம்"னாங்க. நான் பத்து பக்கம் படிச்சு புரிஞ்சுக்கிட்டத அவங்க ஒரே வாக்கியத்துல சொல்லிட்டாங்க. ரோபோ செய்றவங்க மொதல்ல கையில எடுத்த வழியும் சாட்சாத் இதேதான்.

1990கள்ல அமெரிக்காவுல கால்டெக் பல்கலைக்கழகத்துல ஜோயல் பர்டிக் குழு காத்தழுத்தத்துல ஓடுற ஒரு புழு ரோபோ செஞ்சாங்க, 1995ல அதப் பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரையும் வந்துச்சு. வேலை செய்ற விதம் சுலபம். பின்பக்கம் பிடிப்பு போட்டு நிக்கும், நடு உடம்பு நீளும், முன்பக்கம் பிடிச்சுக்கும், பின்பக்கம் விட்டுட்டு உடம்பச் சுருக்கி இழுத்துக்கும், நம்ம தோட்டத்துல எலையில போற பச்சைப்புழு நடக்குற மாதிரி. கேக்க ரொம்ப சரியா இருக்கு, ஆனா குடல்ல விட்டா என்ன ஆகுதுன்னா, புழு நீளுறப்ப குடலும் கூடவே நீளுது, சுருங்குறப்ப குடலும் சேந்து சுருங்குது, ஒரு எட்டு வச்சு முடிச்சுப் பாத்தா புழு அதே எடத்துல நிக்குது. நாடா கோக்குறப்ப துணியப் பின்னுக்கு இழுத்து விட நமக்கு இன்னொரு கை இருக்கு, உள்ள இருக்குற புழுவுக்கு அந்தக் கை இல்ல. அதனால ஒரு எட்டோட நீளம் குடல் இழுபடுற நீளத்த விட அதிகமா இருக்கணும், அப்படி நீளமாச் செஞ்சா வளைவுல திரும்பாது. இந்த இழுபறிதான் புழு ரோபோ எல்லாத்துக்கும் அடிப்படைக் கஷ்டம்.

இதத் தாண்டி மனுஷங்ககிட்டயே வந்தது எண்டோட்டிக்ஸ்னு ஒன்னு. இத்தாலியில பீசா நகரத்துல பாலோ டாரியோ மாதிரி ஆளுங்க வளத்த ஆராய்ச்சியில இருந்து வந்தது. ஒரு தடவ உபயோகிச்சுட்டுப் போட்டுர்ற புழு, காத்த உறிஞ்சி சதைய லேசா உள்ளுக்கு இழுத்து மெதுவாக் கவ்விப் பிடிக்கும். 2010ல வந்த ஒரு ஆய்வுல இத சாதாரண ஸ்கோப்போட வச்சுப் பாத்தாங்க. புழு போனப்ப ஒருத்தருக்குக் கூட மயக்க மருந்து தேவைப்படல, சாதாரண ஸ்கோப்புக்கு அஞ்சுல ஒருத்தருக்குக் குடுக்க வேண்டியிருந்துச்சு. எனக்கு அதப் படிச்சப்ப அம்மா கத்துனதுதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா அதே ஆய்வுலயே புழு கடைசி வரைக்கும் போனது 100க்கு சுமார் 82 பேருக்கு, ஸ்கோப் போனது 94 பேருக்கு, நேரம் புழுவுக்கு சராசரி 45 நிமிஷம், ஸ்கோப்புக்கு 24. ஒரு நாளைக்கு வரிசையா ஆளு காத்திருக்குற கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ரெண்டு மடங்கு நேரம்னா, பாதி பேரு அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போவாங்க. வலி இல்லங்குறதுக்கு இப்படி ஒரு விலை இருக்கு.

பிடிப்புதான் பெரிய தலைவலின்னு சொன்னேன்ல, அத இன்னும் கொஞ்சம் சொல்லணும். குடல் சுவரு பூரா சளி மாதிரி வழுவழுன்னு ஒரு படலம், அதுலயும் குடல் கழுவுற மருந்து குடிச்சப்புறம் தண்ணி வேற. மழை பேஞ்ச அன்னைக்கு செம்மண் ரோட்டுல வழுக்கு டயரோட மோட்டார் பைக் ஓட்டுன மாதிரி. சரி பிடிப்ப அதிகமாக்கலாம்னு கூர்மையா நகம் வச்சா சுவரக் கீறிடும், ஓட்டையும் விழலாம், அந்தச் சுவரு சில மில்லிமீட்டர் தடிமன்தான். பீசாவுல 2009 வாக்குல 12 கால் வச்ச ஒரு கேப்ஸ்யூல் செஞ்சாங்க, 11 மில்லிமீட்டர் தண்டி, 25 மில்லிமீட்டர் நீளம், அதுக்குள்ள ரெண்டு மோட்டார். அத்தன கால் எதுக்குன்னா, பலத்த நெறைய எடத்துல பிரிச்சுப் போட்டா ஒரே எடத்துல அழுத்தம் விழாது, குடல சுத்தி வர சமமா விரிச்சுக்கிட்டும் போகலாம். அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல மார்க் ரென்ட்ஷ்லர் குழு வேற வழி பிடிச்சாங்க, டாங்கி மாதிரி பட்டை சுத்துற ரோபோ, அந்த சிலிகான் பட்டை மேல கண்ணுக்குத் தெரியாத அளவுல குட்டிக் குட்டித் தூணுங்க, அது சளிப் படலத்துக்குள்ள ஊடுருவிப் பிடிக்கும், கீறாது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச யோசனை இதுதான், ஏன்னா பலத்துல ஜெயிக்கப் பாக்காம தொடுற மேற்பரப்புல ஜெயிக்கப் பாக்குறாங்க. இன்னொன்னு, குடல் எல்லா எடத்துலயும் ஒரே அகலம் இல்ல, சிக்மாய்டு ஒடுக்கம், கடைசியில வர்ற சீக்கம் பை மாதிரி விரிஞ்சு கெடக்கும், ஒடுக்கத்துல நல்லாப் பிடிச்ச கால் அங்க போனா சுவர எட்டவே எட்டாது.

அடுத்தது வால். ரோபோ தன்னால நடந்தாலும் பின்னாடி ஒரு வால இழுத்துக்கிட்டுத்தான் போகணும், கரண்டு, காத்து, தண்ணி, கேமரா வயரு, பாலிப் வெட்டுற கருவி போறதுக்கு ஒரு மூணு மில்லிமீட்டர் குழாய், எல்லாம் அதுலதான். மாட்டுக் கயித்த கம்பத்துல ரெண்டு சுத்து சுத்திப் பிடிச்சா சின்னப் பையன் கூட பெரிய மாட்ட நிறுத்திடலாம்ல, அதே கணக்கு இங்க எதிராளியா நிக்குது. உராய்வு பத்துல ஒரு பங்குன்னு கொறச்சலா வச்சாக் கூட, வழியில இருக்குற வளைவு எல்லாம் கூட்டி ஒரு முழு சுத்து ஆச்சுன்னா இழுக்க வேண்டிய பலம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ரெண்டு சுத்துன்னா மூணரை மடங்கு. கூட்டல் கணக்கு இல்ல, பெருக்கல் கணக்கு. அதனால சிக்மாய்டுல ஜம்முன்னு போன ரோபோ ரெண்டு வளைவு தாண்டுனதும் வால் கனத்துல நின்னுடும், இழுக்குற வேலையே இல்லாத எடத்துல வேகமாப் போயி, இழுக்குற வேலை இருக்குற எடத்துல பலம் இல்லாம போறது. பைப்புல நாலு பெண்டுக்கு ஒரு பாக்ஸ் வச்சு அங்க இருந்து மறுபடி இழுப்போம், குடல்ல எங்க பாக்ஸ் வைக்கிறது.

இந்த வால் உராய்வயே ஒழிச்சுடலாம்னு நெனச்சது இன்வெண்டோஸ்கோப்னு ஒரு ஜெர்மன் கருவி. சட்டைக் கையை உள்வெளியாத் திருப்புற மாதிரி மேல இருக்குற உறை நுனிக்குப் பக்கத்துல இருந்து விரிஞ்சு விரிஞ்சு வளரும், அதனால உறை குடல் சுவரு மேல தேய்க்காது, வெளிய ஒரு கைக் கட்டுப்பாட்டுல நுனிய வளைக்கலாம். 2017ல டென்மார்க் கம்பெனி ஆம்பு அத வாங்கிடுச்சு. இஸ்ரேல்ல ஏரோஸ்கோப்னு ஒன்னு, பீச்சாங்குழல் மாதிரி, ஆசனவாயில ஒரு பலூன் அடைச்சுக்கும், முன்னாடி ஒரு பலூன்ல கேமரா, ரெண்டுக்கும் நடுவுல கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டா அந்த அழுத்தமே முன் பலூனத் தள்ளிக்கிட்டுப் போகும், மொத சோதனையில 12 பேருல 10 பேருக்கு கடைசி வரைக்கும் போச்சு. நியோகைடுங்குற இன்னொரு ஸ்கோப் தள்ளுறத விடாமலே சுருளுறத மட்டும் நிறுத்தப் பாத்துச்சு, டியூப 16 துண்டாப் பிரிச்சு, நுனி எந்த எடத்துல எந்த வளைவு எடுத்துச்சோ அத கம்ப்யூட்டர் ஞாபகம் வச்சு, பின்னாடி வர்ற துண்டு அந்த எடத்துக்கு வந்ததும் அதே வளைவ எடுக்க வைக்கும், ரயில் தண்டவாளத்துல பெட்டி போற மாதிரி. குடல் அசையாம இருந்தா இது போதும், ஆனா குடல் நிமிஷத்துக்கு ஒரு தடவ எடம் மாறுதே. 2009ல ஆப்பரேஷன் ரோபோ செய்ற இன்ட்யூட்டிவ் சர்ஜிக்கல் கம்பெனி நியோகைட வாங்கிடுச்சு.

இப்ப நான் ரொம்ப எதிர்பாக்குறது காந்தம். இங்கிலாந்துல லீட்ஸ் பல்கலைக்கழகத்துல பியத்ரோ வல்தாஸ்திரி குழு, அமெரிக்காவுல வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துல கீத் ஒப்ஸ்டைன் இவங்கெல்லாம் பல வருஷமா இதுல இருக்காங்க. உள்ள போறது சின்னத் தலை, அதுக்குள்ள ஒரு காந்தம், பின்னாடி மெலிசா மெத்துன்னு ஒரு வால். வெளிய வயித்துக்கு மேல ஒரு ரோபோக் கை பெரிய காந்தத்தப் பிடிச்சுக்கிட்டு நகரும், உள்ள இருக்குற தலை அது பின்னாடியே போகும். கால் வேணாம், பிடிப்பு வேணாம், உள்ள மோட்டாரே வேணாம், இழுக்குறது முன்னாடி இருந்து, அதனால சுருளுறதுக்கு வழி கொறவு. ஆனா காந்தத்தோட கணக்கு கொடூரமானது. ரெண்டு காந்தத்துக்கு நடுவுல இழுவை தூரத்தோட நாலாம் அடுக்குல கொறையும், 10 சென்டிமீட்டர்ல இருக்குற பலம் 15 சென்டிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்குதான். ஒல்லியான ஆளுக்கு இருக்குற பலம் தொப்பை வச்சவங்களுக்கு இருக்காது, அதே சமயம் கிட்ட வந்துட்டா தலையச் சுவரோட ஒட்ட வச்சு அழுத்திடும். அதனால உள்ள தலை எங்க இருக்கு, எந்தப் பக்கம் பாக்குதுன்னு நொடிக்கு நொடி அளந்து, சுவருல ஒட்டாம பாதி மெதக்குற மாதிரி காந்தத்தத் தள்ளி வைக்கணும், மனுஷன் கையால இது ஆகாத காரியம். 2020 அக்டோபர்ல அவங்க வெளியிட்ட ஆய்வுல இதத்தான் பன்னிகிட்ட செஞ்சு காட்டுனாங்க, கம்ப்யூட்டரே படத்தப் பாத்து குடலோட நடுவழியக் கண்டுபிடிச்சு காந்தத்த நகத்தும், டாக்டர் மேற்பார்வை பாத்தா போதும். பழக்கமே இல்லாதவங்க கூட அந்த உதவியோட நேரா கையால ஓட்டுறத விட நல்லா ஓட்டுனாங்க. எனக்கு முக்கியமாத் தெரிஞ்ச வரி அதுதான், ஏன்னு கடைசியில சொல்றேன்.

முழுங்குற மாத்திரைக் கேமரா இருக்கேன்னு எங்க ஆலையில ஒரு அண்ணன் கேட்டாரு. இருக்கு, இஸ்ரேல் இன்ஜினியர் கவ்ரியல் இடான் யோசனையில இருந்து வந்த பில்கேம் 2001லயே அமெரிக்காவுல அனுமதி வாங்கிடுச்சு, பெருங்குடலுக்குன்னு தனி மாடலும் பின்னாடி வந்துச்சு. ஆனா அது ஆத்துல போற கட்டை மாதிரி, குடல் தள்ளுன பக்கம் போகும், திரும்பி இன்னொரு தடவ பாருன்னா பாக்காது, கழுவாது, வெட்டாது. மருந்து குடிச்சு குடல் கழுவுறது இதுக்கு இன்னும் கண்டிப்பா இருக்கணும். பாலிப் தெரிஞ்சா மறுபடி ஸ்கோப்புக்குத்தான் போகணும்.

இங்கதான் நெறைய ரோபோ அடிபட்டுப் போச்சுன்னு எனக்குத் தோணுது. கடைசி வரைக்கும் போறது பாதி வேலைதான். போயிட்டுத் திரும்பி வர்றப்பதான் டாக்டர் ஒவ்வொரு மடிப்புக்கும் பின்னாடி பாக்குறாரு, அதுக்குக் கொறஞ்சது இத்தன நிமிஷம் எடுக்கணும்னு ஒரு கணக்கே இருக்கு. மலம் ஒட்டியிருந்தா தண்ணி அடிக்கணும், உறிஞ்சணும், சுருங்கிக் கெடக்குற குடல வாயு விட்டு விரிக்கணும், வெட்டுறப்ப நுனி ஆடாம நிக்கணும். மெத்துன்னு இருந்தா நல்லாப் போகும், ஆனா வெட்டுறப்ப நடுங்கும், கெட்டியா இருந்தா நல்லா நிக்கும், போறப்ப வலிக்கும். கரண்டு போயிட்டாலோ மோட்டார் மாட்டிக்கிட்டாலோ எல்லாக் காலும் தானா மடங்கி, வாலப் பிடிச்சு இழுத்தா துணி மாதிரி வெளிய வரணும், இது இல்லாத மிசின எங்க ஆலையில கன்வேயருக்கே வைக்க மாட்டோம். அப்புறம் கழுவுறது. சாதாரண ஸ்கோப்ப ஒவ்வொரு ஆளுக்கு அப்புறமும் பிரஷ் விட்டுத் தேய்ச்சு மருந்துல ஊறவச்சு எடுக்குறாங்க, பன்னெண்டு கால் இருக்குற ஒன்ன எப்படித் தேய்ப்பீங்க, அதனால ஒரு தடவ போட்டு எறியுற மாதிரி செய்யணும், எறியணும்னா மலிவா இருக்கணும், மலிவுன்னா சென்சார் கொறையும். ஒன்னத் தொட்டா இன்னொன்னு ஆடுது. ஏஐ பாலிப்ப ஸ்க்ரீன்ல கட்டம் போட்டுக் காட்டுறது 2021லயே அமெரிக்காவுல அனுமதி ஆச்சு, அது நல்ல உதவி, ஆனா அது கண்ணு மட்டும்தான், காலோட கஷ்டத்த அது தீக்காது.

இப்ப எங்க ஊருக்கு வர்றேன். ஸ்கோப் போடுற டாக்டர் கை பழக நூத்துக்கணக்குல கேஸ் செய்யணும், அப்படிப் பழகுன கை பெரிய ஊருல இருக்கு, மல டெஸ்ட் பாசிட்டிவ் ஆகுற வயசானவங்க லயத்துல இருக்காங்க. ஒருத்தருக்கு வலிச்சுதுன்னா அது அந்த ஒருத்தரோட நிக்காது, கோயில் திருவிழா, கல்யாண வீடு, கோப்பிக் கடைன்னு போயி, டெஸ்ட் டியூப வாங்கிட்டு வந்து அலமாரியில வச்சுடுறவங்கள உண்டாக்கும், பொம்பளைங்களுக்கு கூச்சம் வேற. அம்மா திரும்பி வந்த அன்னைக்கே எங்க வரிசையில மூணு பேரு நான் போக மாட்டேன்னு சொன்னத என் காதால கேட்டேன். அதனால ரோபோ கெட்டிக்கார டாக்டர் செய்றத இன்னும் அழகாச் செய்யணும்ங்குறது எனக்கு ரெண்டாவதுதான். சுமாராப் பழகுன கையில குடுத்தாலும் சுருளாம போகணும், மயக்க மருந்து இல்லாம போகணும், சின்ன ஆஸ்பத்திரி ரூம்ல வைக்க முடியணும். லீட்ஸ் ஆய்வுல பழக்கமில்லாதவங்க நல்லா ஓட்டுனாங்கங்குற வரிய நான் அதனாலதான் திரும்பத் திரும்பப் படிச்சேன். பன்னிக்கிட்ட இருந்து மனுஷனுக்கு, ஆராய்ச்சிக் கூடத்துல இருந்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வர்ற தூரம் சின்னது இல்லன்னு தெரியும். அது வர்ற வரைக்கும் நம்மகிட்ட இருக்குறது அந்தப் பழைய டியூபும் கையும்தான்.

அம்மாவுக்கு ரெண்டாவது தேதி மூணு மாசம் கழிச்சு வந்துச்சு, வேற டாக்டர், அதே மாதிரி டியூப். போக மாட்டேன்னு மொதல்ல அடம் பிடிச்சாங்க, நாடா கதையச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். இந்தத் தடவ காத்துக்குப் பதிலா தண்ணி விட்டு மெதுவாப் போனாங்களாம், நடுவுல மல்லாக்கப் படுக்கச் சொல்லி மிஸ்ஸி வயித்துல கை வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்களாம், டாக்டர் முன்னாடி தள்ளுனத விட பின்னாடி இழுத்ததுதான் அதிகம்னு அம்மா ஸ்க்ரீனப் பாத்துக்கிட்டே எண்ணியிருக்காங்க. ரெண்டு பாலிப், ரெண்டையும் அப்பவே எடுத்துட்டாங்க, புத்து இல்ல. வெளிய வந்ததும் டாக்டர்கிட்ட எத்தன சென்டிமீட்டர் உள்ள போச்சுன்னு நான் கேட்டேன். மொத தடவ 110 போயும் பாதி வழிதான் ஆச்சு, இன்னைக்கு 80ல கடைசிக்குப் போயிட்டோம்னாரு.